பறக்கிறவளுக்கு யார் சோறு போடுவா?

சின்ன டெஸ்ட். பத்து விநாடி டைம். உங்களுக்குத் தெரிந்த ஐந்து சூப்பர் ஹீரோயின்கள் பெயரைச் சொல்லுங்க.

வொண்டர் வுமன், பிளாக் விடோ, கேப்டன் மார்வெல், வாண்டா. ஐந்தாவதா 'லோகா' பார்த்தவங்க சந்திரான்னு சொல்லியிருப்பீங்க. சரி, இன்னொரு பத்து விநாடி. ஐந்து தமிழ் சூப்பர் ஹீரோயின்கள்?

நான் இந்தக் கேள்வியில முட்டை வாங்கினவள். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு செகண்ட் லாங்குவேஜ். மணிமேகலைன்னா அஞ்சு மார்க் கேள்வி, சாய்ஸ்ல விட்டுடலாம். அதனால இந்தக் கட்டுரையை ஒரு பண்டிதர் எழுதுறதா நினைச்சிடாதீங்க. நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் பண்ணப் போய், ஒரு பாட்டிகிட்ட மாட்டிக்கிட்ட கதை இது. நடுநடுவுல கருத்தும் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

எங்க கேமும் எங்க ஆயாவும்

இந்த வருஷம் சிம்போசியத்துல கேம் டிசைன் ஈவென்ட்டுக்காக நாங்க நாலு பேர் ஒரு டீம் போட்டோம். ஒரு சூப்பர் ஹீரோயின் கேம் பண்ணலாம்னு முடிவாச்சு. கதை எங்க நடக்குதுன்னு கேள்வி வந்தப்போ நான்தான் பழவேற்காடுன்னு சொன்னேன். எங்க அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கத்து மீனவர் குப்பங்கள்ல ஒண்ணு. ஆயா இன்னும் அங்கதான் இருக்காங்க.

இடம் எல்லாருக்கும் பிடிச்சிடுச்சு. பிடிக்காம இருக்குமா? சிலிக்காவுக்கு அடுத்தபடியா இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு முனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற தீவுலதான் ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் தளம். குளிர்காலத்துல பூநாரைகள் கூட்டம். 1613-ல டச்சுக்காரங்க கட்டின கெல்ட்ரியா கோட்டையோட மிச்சம். வாசல்ல எலும்புக்கூடு சிற்பம் நிக்கிற டச்சுக் கல்லறை. கேம் டிசைனருக்கு இதைவிட என்ன வேணும்? லெவல் ஒண்ணு கல்லறை, லெவல் ரெண்டு சதுப்பு நிலம், லெவல் மூணு ராக்கெட் தளம்.

ஹீரோயினுக்குப் பூநாரைச் சிறகு கொடுத்தோம். வலைதான் ஆயுதம். வில்லன், ஏரிக்கு அடியில 400 வருஷமா தூங்கிட்டு இருந்து எழுந்து வர்ற ஒரு டச்சு பூதம். உடன் சண்டை போட மூணு தோழிகள். மந்திரம், புராணம், பின்னணி இசை, எல்லாம் ரெடி.

பொங்கல் லீவுல டேப்லட்டைத் தூக்கிட்டு ஆயாகிட்ட போனேன். மீன் கழுவின கையை முந்தானையில துடைச்சிட்டு ஆயா முழுசா பார்த்தாங்க. சிரிக்கல. மூணே மூணு கேள்வி கேட்டாங்க.

"இந்த ராட்சசன் ஏரியில எங்கடி கீறான்? இத்தினி வருசம் எனக்குத் தெரியாம?"

"இவளுக்குப் பாடு கீதா?"

"பறக்குறா, சண்ட போடுறா, எல்லாம் சரி. இவளுக்கு யாரு சோறு போடுவா?"

மூணுக்கும் என்கிட்ட பதில் இல்லை. திரும்பி வர்ற பஸ்ல அதையேதான் யோசிச்சிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அந்த மூணு கேள்விக்கும் நான் எழுதற லேட் சப்மிஷன்.

முதல் கேள்வி: வில்லன் எங்கே?

சூப்பர் ஹீரோ கதையில வில்லனுக்கு ஒரு முகம் வேணும். முகம் இருந்தாதான் குத்த முடியும். பழவேற்காட்டுல குத்தறதுக்கு முகம் கிடைக்கல.

அங்க இருக்கிறவங்களைப் பயமுறுத்தற முதல் விஷயம் மணல். ஏரியும் கடலும் சேர்ற இடத்துக்கு முகத்துவாரம்னு பேர். அது வழியாத்தான் கடல் தண்ணி உள்ள வரும், இறாலும் மீனும் உள்ள வரும், படகு வெளிய போகும். வெயில் காலத்துல மணல் சேர்ந்து வாய் அடைச்சுக்கும். அடைச்சா ஏரி மூச்சு விட முடியாது. மீன் குறையும். மணலை எந்த சூப்பர் ஹீரோயின் குத்துவா?

இரண்டாவது விஷயம் அதைவிடச் சிக்கல். அது ஒரு காகிதம். ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கு. 2018-ல அதானி குழுமம் வாங்கின துறைமுகம். 330 ஏக்கர்ல இருக்கிறதை 6,100 ஏக்கருக்கு மேல விரிவாக்க ஒரு திட்டம் போட்டாங்க. அதுல கடலை மண் கொட்டித் தூர்க்கிறதும் அடக்கம். 2021 ஜனவரி 22-ம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கறதா இருந்தது, தள்ளிப்போச்சு. 2023 செப்டம்பர் 5-ம் தேதின்னு மறுபடியும் வெச்சாங்க, அதுவும் தள்ளிப்போச்சு. எதிர்ப்புப் போராட்டங்கள்ல பெண்கள் கூட்டம் கூட்டமா வந்து நின்னாங்க.

ஏன் பயப்படறாங்கன்னு எனக்குப் புரிய வெச்சது சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் ஒருத்தன். நம்ம கிழக்குக் கரையில வருஷத்துல பெரும்பகுதி நேரம் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திட்டே இருக்கும். நடுவுல கடலுக்குள்ள ஒரு சுவர் நீட்டினா, தெற்குப் பக்கம் மணல் குவியும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது, அலை மட்டும் வரும், கரை அரிக்கும். 19-ம் நூற்றாண்டுல சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினப்போ அதுதான் நடந்தது. தெற்கே மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள்ள வந்தது. நாம சுண்டல் சாப்பிடற மணல், யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல இருக்க வேண்டிய மணல். இப்போ மேப்பை எடுத்துப் பாருங்க. காட்டுப்பள்ளிக்கு வடக்கே என்ன இருக்கு? ஆயா வீடு இருக்கு.

துறைமுகம் வந்தா வேலை வரும்னு சொல்றவங்களும் அந்தப் பக்கம் இருக்காங்க. அதை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. நம்ம பேட்ச்லயே எத்தனை பேர் அந்த மாதிரி கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பியிருக்கோம்? நான் அனுப்பியிருக்கேன். ஸோ, வில்லன் எங்கேன்னு ஆயா கேட்டதுக்கு ஒரு பாதி பதில், அவன் கையில நம்ம லேப்டாப்பே இருக்கலாம்ங்கறதுதான்.

இரண்டாவது கேள்வி: அவளுக்குப் பாடு இருக்கா?

பாடுன்னா என்னன்னு நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ரவுண்ட் ராபின்.

ஏரியில மீன் நல்லா கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்துல வலை போட்டா சண்டைதான். அதனால இன்னைக்கு இந்த இடத்துல யார் வலை போடறது, நாளைக்கு யாருன்னு முறை வெச்சு, சீட்டுப் போட்டு, சுழற்சியா பிரிச்சுக்கிறாங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல நாம எழுதற அதே ஷெட்யூலிங். ஸ்டார்வேஷன் வராம பார்த்துக்கிற அல்காரிதத்தை எந்த டெக்ஸ்ட் புக்கும் படிக்காம தலைமுறை தலைமுறையா ஓட்டிட்டு இருக்காங்க. நான் இதைக் கேட்டப்போ பெருமையா இருந்தது.

அப்புறம்தான் பக் தெரிஞ்சது. பாடு உரிமை ஆம்பளைங்க பேர்லதான். ஊர்க்கூட்டத்துல உட்கார்ந்து முடிவு பண்றதும் அவங்கதான். எங்க ஆயா இறாலை ஆய்ஞ்சிருக்காங்க, கருவாடு போட்டிருக்காங்க, கூடையைத் தலையில வெச்சுத் தெருத்தெருவா வித்திருக்காங்க. அந்தக் காசுலதான் எங்க அம்மா படிச்சாங்க. ஆனா ஆயா பேர்ல பாடு கிடையாது. பாடு முறைக்கே வெளிய நிக்கிறவங்களும் இருக்காங்க. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில இறங்கி, சேத்தைக் கையால தடவித் தடவி இறால் பிடிக்கிறதை நான் பார்த்திருக்கேன். ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. பிடிச்ச இறாலைப் போட ஓலைப்பறியை வாயில கவ்வியிருப்பாங்க. வலையும் இல்லை, படகும் இல்லை.

ஆக ஆயா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. ஊரைக் காப்பாத்த உங்க ஹீரோயின் வேணும், சரி. அந்த ஊர்ல அவளுக்கு ஒரு பங்கு கொடுத்தீங்களா? அம்மனைக் கும்பிடற ஊர்தான். திருவிழாவுக்கு வசூலும் பண்ணுவோம். ஆனா கூட்டம் போட்டா பெண்ணுக்குப் பாய் கிடையாது. இதை எழுதறதுல எனக்குச் சங்கடம் இருக்கு, என் சொந்த ஊர். ஆனா வெளியில இருக்கிற வில்லனை மட்டும் காட்டிட்டு வீட்டுக்குள்ள இருக்கிறதை மறைச்சா அது ஃபேன் ஃபிக்‌ஷன் ஆயிடும்.

நீலிக்கு நாம பண்ணினது

மூணாவது கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி 'லோகா'வைப் பத்தி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 28-ம் தேதி வந்த மலையாளப் படம். டொமினிக் அருண் இயக்கம், கல்யாணி பிரியதர்ஷன் சந்திராவா வர்றாங்க. 300 கோடிக்கு மேல வசூல். பெண் சூப்பர் ஹீரோ படம் ஓடாதுன்னு சொன்ன வாய்களை அடைச்ச படம். தியேட்டர்ல நானும் விசில் அடிச்சேன்.

சந்திரா யாருன்னா கள்ளியங்காட்டு நீலி. மலையாளிகள் யட்சின்னு பயந்த பெண். அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கம், இன்னைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கு. அந்தப் பக்கம் நீலி கதையை வில்லுப்பாட்டுல பாடறாங்க. இன்னொரு நீலி இருக்கா, பழையனூர் நீலி. பழையனூர் எங்க இருக்கு தெரியுமா? திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல. பழவேற்காடு இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டம். நான் 21 வருஷமா இதே மாவட்டத்துக்கு லீவுக்குப் போயிட்டு வர்றேன், எனக்கு இவளைத் தெரியாது. கொச்சியில எடுத்த படம் வந்துதான் எனக்கு அறிமுகம் பண்ணி வெச்சது.

கதை இதுதான். கணவன் கையால கொலையான பெண், பேயா திரும்பி வர்றா. அடுத்த பிறவியில வணிகனா பிறந்திருக்கிற அவனைத் துரத்திட்டு பழையனூருக்கு வர்றா. ஊர் வேளாளர்கள் 70 பேர் முன்னாடி நின்னு, நான் இவன் மனைவி, என்னைக் கைவிட்டுட்டான்னு அழறா. அவங்க அவளை நம்பி, இவன் உயிருக்கு எங்க உயிர் பிணைன்னு சொல்லி அவனை அவகூட அனுப்பறாங்க. அவன் செத்துப்போறான். 70 பேரும் சொன்ன வாக்குக்காகத் தீயில இறங்கறாங்க.

இந்தக் கதையிலிருந்து நம்ம மொழி எடுத்து வெச்சுக்கிட்டது என்ன? "நீலிக் கண்ணீர்". போலியா அழறதுக்குப் பேர். 70 பேருக்கு நன்றி சொன்னோம், நியாயம்தான். ஆனா முதல்ல கொலையானது அவதானே? அதை மறந்துட்டு அவ கண்ணீரை மட்டும் பழமொழியாக்கி, அழற எந்தப் பெண்ணைப் பார்த்தும் வீசறோம். என் ரூம்மேட் ஒருமுறை ஒரு புகார் கொடுத்தப்போ இதே வார்த்தையை ஒருத்தர் சர்வசாதாரணமா சொன்னதைக் கேட்டிருக்கேன்.

பழைய தமிழ்ல இதுக்கு ஒருத்தர் பதில் எழுதியிருக்கார். பேர் தெரியாத ஒரு சமணக் கவிஞர். ஐஞ்சிறு காப்பியங்கள்ல ஒண்ணான 'நீலகேசி'. அதுல பழையனூர்ப் பேய் ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போறா. அவர் பயப்படல. அவர்கிட்ட பேசிப் பேசி அவ மாறிடறா. மாறி என்ன பண்றா? யாரையும் அடிக்கல. ஊர் ஊரா போய் ஒவ்வொரு மதத்துப் பெரிய அறிஞரையும் வாதத்துக்குக் கூப்பிட்டு, தர்க்கத்துல தோற்கடிக்கிறா. அந்தக் காப்பியத்துக்கு ஒரு மத நோக்கம் இருக்கு, அது வேற விஷயம். எனக்குப் பிடிச்சது அந்த ஐடியா. அழுதா நம்பமாட்டேன்னு சொன்ன ஊர்ல, எதிர்ல உட்கார்ந்து பாயிண்ட் பாயிண்ட்டா பேசற பெண்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துல அனுப்ப வேண்டிய ஆள் இவதானேன்னு தோணுச்சு.

மூணாவது கேள்வி: யார் சோறு போடுவா?

இதுக்கான பதில் நான் சாய்ஸ்ல விட்ட அந்த அஞ்சு மார்க் கேள்வியில இருந்தது.

மணிமேகலையை ஒரு காமிக்ஸ் கதை மாதிரி சொல்றேன், கேளுங்க. பூம்புகார்ல ஒரு பெண். ஒரு இளவரசன் அவளை விடாம துரத்தறான், இன்னைக்கு நாம ஸ்டாக்கர்னு சொல்ற ரகம். ஒரு கடல் தெய்வம் அவளைத் தூக்கிட்டுப் போய் ஒரு தீவுல விடுது. அங்க அவளுக்கு முற்பிறவி தெரியுது. தெய்வம் மூணு மந்திரம் சொல்லிக் கொடுக்குது: வானத்துல பறக்க, வேற உருவம் எடுக்க, பசிக்காம இருக்க. பிறகு ஒரு குளத்துல மந்திரப் பாத்திரம் கிடைக்குது, அமுதசுரபி. எவ்வளவு அள்ளினாலும் குறையாது. உருவம் மாறி இளவரசன்கிட்ட இருந்து தப்பிக்கிறா. சிறைக்குப் போறா, சித்திரவதையிலும் உடையல. கடைசியில வஞ்சி நகரத்துல ஆண் துறவி வேஷத்துல போய் ஒவ்வொரு சமயக் கணக்கர்கிட்டயும் கேள்வி கேட்கறா. ஆரிஜின் ஸ்டோரி, பவர்ஸ், வில்லன், மாறுவேஷம், எல்லாமே இருக்கு. வொண்டர் வுமன் முதன்முதலா காமிக்ஸ்ல வந்தது 1941-ல. நம்ம ஆள் அதுக்குப் பல நூற்றாண்டு சீனியர்.

ஆனா அந்தப் பவர்ஸ்ல எதாவது அடிக்கறதுக்கு இருக்கான்னு பாருங்க. ஒண்ணும் இல்லை. பெரிய ஆயுதம் ஒரு சோத்துப் பாத்திரம். சோழ அரசன் அவகிட்ட உனக்கு என்ன வேணும்னு கேட்கறான். ஊர்ல இருக்கிற சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமா மாத்துங்கன்னு கேட்கறா. அரசன் மாத்தறான். ஜெயிலை இடிக்காம, அதே கட்டடத்துல பசிச்சவனுக்குச் சோறு போட வைக்கிறா. எந்த ஃபைட் சீனும் எனக்கு இந்த அளவுக்குப் புல்லரிக்கல.

இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார வெச்சது. அமுதசுரபி கையில வந்த உடனே வேலை செய்யல. வெறும் பாத்திரம். அதுல முதல் பிச்சையை ஒரு நல்ல பெண் போடணும், அப்பதான் அது சுரக்க ஆரம்பிக்கும். அந்தப் பெண் யாருன்னு சொல்றது காயசண்டிகை. அவளே தீராத பசி நோய்ல அலையறவ. அவ கை காட்டின வீடு ஆதிரையோடது. ஆதிரைக்குப் பறக்கத் தெரியாது, மந்திரம் தெரியாது. வீட்டுல சமைச்ச சோறு இருந்தது. அதைக் கொண்டுவந்து போட்டா. அதுக்கப்புறம்தான் பாத்திரம் நிறைஞ்சது, காயசண்டிகையோட பசியும் தீர்ந்தது.

பறக்கிறவளுக்கு யார் சோறு போடுவா? ஆதிரை போடுவா. அந்தக் காப்பியம் எழுதின சாத்தனாருக்கு இருந்த அதே சந்தேகம் எங்க ஆயாவுக்கும் இருந்திருக்கு. எங்க டீம்ல நாலு பேருக்கும் அது தோணல.

'சூப்பர் வுமன்' போஸ்டர் எனக்கு ஏன் பிடிக்கல

இங்கதான் நான் சொல்ல வந்த கருத்து. மகளிர் தினம் வந்தா நீங்க பார்த்திருப்பீங்க: மீன்கூடை சுமக்கிற பெண், செங்கல் சுமக்கிற பெண், முதுகுக்குப் பின்னாடி போட்டோஷாப்ல ஒரு சிவப்பு கேப். "ரியல் லைஃப் சூப்பர் வுமன்". நாமும் ஹார்ட் போட்டு ஷேர் பண்ணிட்டு அடுத்த ரீலுக்குப் போயிடறோம்.

வாயில பறியைக் கவ்விட்டு சேத்துல இறால் தேடறது சூப்பர் பவர் இல்லை. கையில வேற ஒண்ணும் இல்லாததால செய்யற வேலை. எங்க ஆயா முட்டியில மழை வந்தா வலி உயிர் போகும். சூப்பர் வுமனுக்கு முட்டி வலிக்காது, பாருங்க. அவளுக்குப் பென்ஷன் வேணாம், பாடு வேணாம், மார்க்கெட்ல உட்கார நிழல் வேணாம், கழிப்பறை வேணாம். அவதான் சூப்பர் ஆச்சே! ஒருத்தரை சூப்பர் ஹீரோயின்னு சொல்லிட்டா அவங்களுக்கு நாம எதுவுமே செய்ய வேண்டியதில்லைன்னு ஆயிடுது. பாராட்டற மாதிரி இருக்கும், ஆனா கை கழுவறோம்.

2016-ல ஐ.நா. சபையே இந்தத் தப்பைப் பண்ணுச்சு. பெண்களுக்கான கௌரவத் தூதரா வொண்டர் வுமனை அறிவிச்சாங்க. அங்க வேலை பார்க்கிறவங்களே எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. உயிரோட இத்தனை பெண்கள் இருக்க, கார்ட்டூன் எதுக்குன்னு கேள்வி. ரெண்டு மாசத்துக்குள்ள அந்தப் பதவி முடிஞ்சுது.

அதுக்காக சூப்பர் ஹீரோயின் கதையே வேணாமா? வேணும். எனக்கு நிறைய வேணும், தமிழ்ல வேணும், நம்ம நீலி, நம்ம மணிமேகலை, நம்ம குப்பம் எல்லாம் வேணும். ஆனா தனியா ஒருத்தி பறந்து வந்து எல்லாரையும் காப்பாத்திட்டுப் போற கதை வேணாம். அவளோட டீமைக் காட்டுங்க. அதுவும் அவளுக்குப் பின்னாடி நின்னு கை தட்டற டீம் இல்லை. பாத்திரத்துல முதல் பிடி போடற டீம்.

நம்மகிட்ட என்ன இருக்கு?

சரி, நாம யார் இந்தக் கதையில? கடல்ல இறங்கத் தெரியாது. எனக்கு நீச்சலே வராது. நம்ம வீட்டுல என்ன சோறு இருக்கு, போடறதுக்கு?

எனக்குக் கிடைச்ச பதில் கொஞ்சம் வேடிக்கையானது. ஒரு பெரிய திட்டம் வந்தா சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைன்னு ஒண்ணு தயாரிப்பாங்க. 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி அதோட சுருக்கத்தை உள்ளூர் மொழியிலயும் கொடுக்கணும். சுருக்கம் மட்டும்தான். முழு அறிக்கை கட்டுக்கட்டா இங்கிலீஷ்ல இருக்கும். மணல் எந்தப் பக்கம் நகரும், கரை எவ்வளவு அரிக்கும், எந்த மாடல் வெச்சு கணக்குப் போட்டாங்க, எல்லாம் அதுக்குள்ளதான். யார் வாழ்க்கையைப் பத்தி எழுதியிருக்கோ அவங்களால படிக்க முடியாத மொழியில.

எனக்குத் தமிழ் சரியா வராதுன்னு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனா இங்கிலீஷ் வரும். கிராஃப் படிக்க வரும். நாலு வருஷமா புரியாத பேப்பரைப் புரிஞ்ச மாதிரி படிக்கிற பயிற்சி வேற இருக்கு. ஆயா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஒரு அறிக்கையில இருந்து சில பக்கங்களைப் படிச்சுச் சொன்னேன். அக்கம்பக்கத்துல இருந்து நாலைஞ்சு பெண்கள் வந்துட்டாங்க. கடல் நீரோட்டம்னு ஒரு இடத்துல திணறினேன். ஆயாதான் எடுத்துக் கொடுத்தாங்க. எந்த வெள்ளம், தெண்டியா வன்னியான்னு கேட்டாங்க. நீரோட்டம் ஒவ்வொண்ணுக்கும் அவங்ககிட்ட தனிப் பேர் இருக்கு. நான் ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு ஓட்டிட்டு இருந்தேன். அறிக்கையில ஒரு வரி, அவங்க வாயில ஒரு வரின்னு மாத்தி மாத்திப் போனப்போதான் எனக்கே அந்தப் படம் புரிஞ்சுது. அவங்க கேட்ட கேள்விகளை நோட்டுல எழுதிக்கிட்டேன். மொத்தம் 17 கேள்வி. எங்க வைவாவுல கூட அவ்வளவு கூர்மையா யாரும் கேட்டதில்லை.

நான் யாரையும் காப்பாத்திடல. துறைமுகம் நிக்கல, மணல் நகரறது நிக்கல, பாடு முறையும் மாறல. நாலைஞ்சு பெண்கள்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, அவ்வளவுதான். அடுத்த முறை கூட்டம்னு அறிவிச்சா அந்த நோட்டோட போவாங்க.

கேம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மாத்தினோம். பூதத்தைத் தூக்கிட்டோம், சிறகைத் தூக்கிட்டோம். இப்போ ஹீரோயின் கையில ஒரு பாத்திரம் இருக்கு. கூட விளையாடற யாராவது தன்கிட்ட இருக்கிறதுல ஒரு பிடி போடற வரைக்கும் அது காலிதான், லெவல் நகராது. கேம் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு ஜட்ஜ் சொன்னார். பரிசு கிடைக்கல. விளையாடிப் பார்த்தவங்க பாதிப் பேர் ஆரம்பத்துல யாராவது போடுவாங்கன்னு காத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க, அதை நான் மறக்கமாட்டேன்.

செமஸ்டர் முடிஞ்ச முதல் சனிக்கிழமை நானும் சிவில் நண்பனும் மறுபடியும் போறோம். அந்த 17 கேள்வியில ஒன்பதுக்குத்தான் இதுவரைக்கும் பதில் தேடியிருக்கோம். மிச்சத்துக்குக் கடலியல் தெரிஞ்சவங்க வேணும், சட்டம் தெரிஞ்சவங்க வேணும், நல்லாத் தமிழ் எழுதறவங்க கண்டிப்பா வேணும். சென்ட்ரல்ல இருந்து பொன்னேரி வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். எத்தனை பேர் வர்றீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஆயா கேட்டுட்டே இருக்காங்க, எத்தனை பேருக்குச் சோறு வைக்கணும்னு.